கராஜுக்கு மின்சாரம்: வீட்டு வயரிங் எவ்வளவு தாங்கும்?

(வீட்டுப் பாதுகாப்புப் பற்றிக் குடியிருப்பாளர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்தில் தமிழ்க் குடும்பங்கள் வாழும் வீடுகள் பலவற்றில் கராஜ் என்பது கார் நிறுத்தும் இடமாக இருப்பதில்லை. மீனும் இறைச்சியும் முருங்கைக்கீரையும் நிறைந்த இரண்டாவது ஃப்ரீசர் அங்கே நிற்கும். குளிர்காலத்தில் துணி உலர்த்தும் மெஷின் அங்கே ஓடும். மா அரைக்கும் கிரைண்டரும், விசேட நாட்களுக்கான பெரிய பாத்திரங்களும், பிள்ளைகளின் சைக்கிள்களும் அங்கேதான் சேரும். ஆகவே கராஜில் மின்சாரம் வேண்டும் என்ற விருப்பம் இயல்பானது. வீட்டுக்குள் மின்சாரம் ஏற்கெனவே இருக்கிறது. கராஜ் ஒரு சுவருக்கு அப்பால் இருக்கிறது. அருகிலுள்ள சொக்கெட்டிலிருந்து ஒரு வயரை இழுத்துவிட்டால் போதாதா என்ற கேள்வியும் இயல்பானதே.

அந்தக் கேள்விக்கான விடையை முதலிலேயே கூறிவிடலாம். வீட்டில் இருக்கும் வயரிங்கிலிருந்து கராஜுக்கு மின்சாரம் கொண்டுசெல்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆயினும், அவ்வாறு எடுக்கக்கூடிய மின்சாரம் கைமாற்றுப் போன்றது. கொடுப்பவரிடம் எஞ்சியிருப்பதற்கு மேல் கைமாற்று வாங்க இயலாது. ஒரு விளக்கு, ஒரு ஃப்ரீசர், எப்போதாவது ஒரு துளைக்கும் மெஷின் என்ற அளவுக்கு அது போதும். அதற்கு மேற்பட்ட தேவைக்கு, பியூஸ் பெட்டியிலிருந்து கராஜுக்கென்றே தனிச் சுற்று அமைக்க வேண்டும். எந்த வழியைத் தெரிவு செய்தாலும் வீட்டுக்காரர் மூன்று விடயங்களை அறிந்திருக்க வேண்டும்: வயர் எவ்வளவு தாங்கும், பழுது ஏற்பட்டால் மின்சாரத்தை எது துண்டிக்கும், வேலை முறையாக நடந்தது என்பதற்கு எந்தப் பத்திரம் சான்றாகும்.

முதலாவது, வயர் தாங்கும் அளவு.

இந்நாட்டு வீடுகளில் சொக்கெட்டுகளுக்கான வயரிங் பெரும்பாலும் வளையச் சுற்றாக அமைந்துள்ளது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய புனரமைப்புக் காலத்தில் பரவலான முறை இது. பியூஸ் பெட்டியிலிருந்து புறப்படும் கேபிள் ஒவ்வொரு சொக்கெட்டாகத் தொட்டுச் சென்று மீண்டும் அதே பெட்டியை வந்தடைகிறது. ஒவ்வொரு சொக்கெட்டுக்கும் இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் வந்து சேர்வதால், 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கேபிளுக்கு 32 அம்பியர் பிரேக்கரைப் பொருத்த முடிகிறது.

அந்த வளையத்திலிருந்து ஒரு கிளை பிரிந்து கராஜுக்குச் செல்லும்போது இந்த வசதி இல்லாமற்போகிறது. கிளைக் கேபிள் முழுச் சுமையையும் தனியாகத் தாங்க வேண்டும். சுவரின் மேற்பரப்பில் பொருத்தப்பட்டிருந்தால் அது ஏறத்தாழ 27 அம்பியர் தாங்கும். வெப்பக்காப்புப் பஞ்சுக்குள் புதைந்து சென்றால் அதைவிடக் குறைவாகவே தாங்கும். பியூஸ் பெட்டியில் உள்ள பிரேக்கரோ 32 அம்பியர் வரை பேசாமல் இருக்கும். கேபிள் சூடேறத் தொடங்குவதற்கும் பிரேக்கர் விழுவதற்கும் இடைப்பட்ட இந்த இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கூரைக்கு மேலோ சுவருக்குள்ளோ, கேபிளின் உறை சிறிது சிறிதாகக் கருகும்; விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஃப்ரீசர் ஓடிக்கொண்டிருக்கும், வீட்டாருக்கு எதுவும் தெரியாது.

இதனாலேயே, பியூஸ் இல்லாத கிளையில் ஒற்றைச் சொக்கெட் ஒன்றை அல்லது இரட்டைச் சொக்கெட் ஒன்றை மாத்திரமே பொருத்தலாம் என்பது நடைமுறை விதி. ஒன்றுக்கு மேற்பட்ட சொக்கெட்டுகள் தேவையெனில், வளையத்தை விட்டுக் கிளை பிரியும் இடத்திலேயே 13 அம்பியர் பியூஸ் கொண்ட இணைப்புப் பெட்டி ஒன்றைப் பொருத்த வேண்டும். அதன் பின் கராஜ் முழுவதும் அந்த 13 அம்பியருக்குள் அடங்கும். 230 வோல்ட் மின்னழுத்தத்தில் அது ஏறத்தாழ 3,000 வாட்.

3,000 வாட் என்பது எவ்வளவு? ஒரு கேத்தல் தனியாகவே அந்த அளவை எடுத்துவிடும். காற்றை ஊதும் சிறு ஹீட்டர் 2,000 வாட் எடுக்கும். வெப்பமூட்டும் வகைத் துணி உலர்த்தும் மெஷின் 2,000 முதல் 2,500 வாட் வரை எடுக்கும். ஃப்ரீசர் ஓடும்போது ஒன்றிரண்டு நூறு வாட் போதும், எல்.ஈ.டி. விளக்குக்குச் சில பத்து வாட் போதும். ஆக, விளக்கும் ஃப்ரீசரும் கிரைண்டரும் ஒன்றாக ஓடலாம். உலர்த்தும் மெஷினும் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் 4,000 வாட்டை எட்டிவிடும் அல்லது கடந்துவிடும், பியூஸ் உருகக்கூடும், உருகினால் அதனோடு ஃப்ரீசரும் நின்றுவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. கராஜ் எடுக்கும் மின்சாரம் வீட்டு வளையத்தின் 32 அம்பியரிலிருந்தே கழிகிறது. 32 அம்பியர் என்பது ஏறத்தாழ 7,300 வாட். சமையலறையும் வரவேற்பறையும் ஒரே வளையத்தில் இருக்கும் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கேத்தலும் துணி துவைக்கும் மெஷினும் மின் அடுப்புத் தட்டும் ஒரே வேளையில் இயங்கினால், கராஜுக்குக் கொடுக்க அந்த வளையத்திடம் ஏதும் எஞ்சியிராது. எனவே கிளை பிரிப்பதற்கு முன், அந்த வளையத்தில் ஏற்கெனவே என்னென்ன இயங்குகின்றன என்பதைக் குறித்துக்கொள்வது நல்லது. சொக்கெட்டுகள் எண்ணிக்கையில் பல இருப்பதால் மின்சாரமும் அவ்வளவு இருப்பதாக எண்ணுவது தவறு.

தோட்டத்தின் கோடியில் தனியே நிற்கும் கராஜ் என்றால் தூரமும் கணக்கில் சேரும். நீண்ட கேபிளில் மின்னழுத்தம் வழியிலேயே குறையும். விளக்குச் சுற்றில் 3 சதவீதத்துக்கும் ஏனைய சுற்றுகளில் 5 சதவீதத்துக்கும் மேல் குறைதல் ஆகாது என்பது வழக்கிலுள்ள அளவு. 230 வோல்ட்டில் 5 சதவீதம் 11.5 வோல்ட். 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 20 அம்பியர் 30 மீட்டர் தூரம் சென்றால் ஏறத்தாழ 10.8 வோல்ட் குறையும். 4 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 6.6 வோல்ட் மாத்திரமே குறையும். பியூஸ் பெட்டியிலிருந்து நேரே செல்லும் கேபிளுக்கு உரிய கணக்கு இது. வீட்டின் வளையத்தில் ஏற்கெனவே சிறிது குறைந்தபின் புறப்படும் கிளைக்கு இந்த வரம்பு இன்னும் விரைவில் நிரம்பிவிடும்.

இவை அனைத்தையும் தவிர்க்க, யன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றைக் கராஜுக்கு விட்டுவைக்கும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. எக்ஸ்டென்ஷன் வயர் ஒரு மணி நேர வேலைக்கானது; பல ஆண்டுகள் ஓடும் ஃப்ரீசருக்கானதன்று. கதவிடுக்கில் நசுங்கும், மழையில் நனையும், வெயிலில் வெடிக்கும். உருளையில் சுற்றிய வகையானால் அதன் முகப்பில் இரண்டு அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும்: முழுவதும் விரித்தபின் தாங்கும் அளவு ஒன்று, சுற்றியபடியே தாங்கும் மிகக் குறைந்த அளவு மற்றொன்று. சுற்றியபடியே துணி உலர்த்தும் மெஷினை அதில் இணைத்தால் உருளைக்குள் வெப்பம் தேங்கி உறை உருகிவிடும். ஓர் எக்ஸ்டென்ஷனில் இன்னோர் எக்ஸ்டென்ஷனைச் செருகுவது இதனினும் கேடானது.

உலர்த்தும் மெஷின், ஹீட்டர், மின் அடுப்பு, தொழில் செய்யும் கருவிகள் ஆகியவை கராஜில் நிலையாக இயங்கவேண்டுமெனில் தனிச் சுற்றே தக்க வழி. மின்சாரக் காருக்கு வீட்டில் பொருத்தும் சார்ஜர் பொதுவாக 32 அம்பியரைப் பல மணி நேரம் இடைவிடாமல் எடுக்கும். ஒரு வளையச் சுற்றின் முழு அளவும் அதுவே. ஆகையால் எந்தச் சூழ்நிலையிலும் அதைக் கிளையிலிருந்து இயக்க இயலாது. தனிச் சுற்றுக்கான கேபிள் நிலத்தடியில் செல்லும்போது எஃகுக் கம்பிக் கவசமிட்டதாக இருக்க வேண்டும். வீட்டுச் சுவருக்குள் செல்லும் சாம்பல் நிறத் தட்டைக் கேபிளை மண்ணில் புதைத்தல் ஆகாது. மண்வெட்டி எட்டாத ஆழம் வேண்டும் என்பதே விதியின் நோக்கம். நடைமுறையில் 450 முதல் 600 மில்லிமீட்டர் வரை தோண்டி, கேபிளுக்கு மேலே எச்சரிக்கை நாடாவைப் பதிப்பர். பின்னாளில் தக்காளிக்கும் கத்தரிக்கும் பாத்தி வெட்டுபவரைக் காப்பது அந்த நாடாவே.

இரண்டாவது, மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு.

பியூஸ் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர் உண்டு. பியூஸ் காப்பது வயரை. மனிதரைக் காக்கும் வேகமும் நுண்மையும் அதற்கு இல்லை. மனித உடலில் பாய்ந்து உயிருக்கு ஊறு செய்யக்கூடிய மின்னோட்டத்தை மில்லியம்பியரில் அளப்பர். மனிதரைக் காப்பதற்காகப் பொருத்தப்படும் ஆர்.சி.டி. என்னும் கருவி, 30 மில்லியம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் துண்டிக்கிறது. 13 அம்பியர் பியூஸ் தாங்கும் ஓட்டத்தில் இது ஏறத்தாழ நானூறில் ஒரு பங்கு. ஆகவே, ஒருவர் உயிருக்கு ஆபத்தான மின்னோட்டம் பாயும் வேளையிலும் பியூஸ் அதை அறியாமலே இருக்கும்.

கராஜில் இந்தக் கருவி இன்றியமையாதது. நிலம் சீமெந்து, மழைநாளில் ஈரம், காலில் நனைந்த செருப்பு, கையில் உலோகக் கருவி. மின்சாரம் உடல் வழியாக நிலத்துக்கு இறங்க ஏற்ற சூழ்நிலைகள் யாவும் அங்கே ஒருங்கே அமைந்துள்ளன. புதிதாகப் பொருத்தப்படும் வீட்டுச் சொக்கெட்டுகளுக்கு 30 மில்லியம்பியர் ஆர்.சி.டி. பாதுகாப்பு வேண்டும் என்பது பி.எஸ். 7671 எனப்படும் வயரிங் விதிகளின் கோரிக்கை. பழைய வீடுகளின் பியூஸ் பெட்டிகள் பலவற்றில் அது இராது. பெட்டியின் முகப்பில் ‘டெஸ்ட்’ என்று குறிக்கப்பட்ட பொத்தான் இருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துகொள்ளலாம். இல்லையெனில், கராஜுக்குச் செல்லும் கிளையின் தொடக்கத்திலேயே ஆர்.சி.டி. கொண்ட இணைப்புப் பெட்டியைப் பொருத்த வழியுண்டு. இருப்பின், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியவுடன் மின்சாரம் நிற்கவில்லையாயின் கருவி வேலை செய்யவில்லை என்று பொருள். உடனே எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

ஃப்ரீசர் வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வீட்டின் பல சுற்றுகளுக்கும் ஒரே ஆர்.சி.டி. பொதுவாக இருந்தால், வேறெங்கோ ஏற்பட்ட கசிவுக்காகக் கராஜ் ஃப்ரீசரும் நின்றுவிடும். ஒரு மாத விடுமுறையில் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ சென்று திரும்பும் குடும்பம், கதவைத் திறந்தவுடன் நாற்றத்தால் அதை அறியும். தனிச் சுற்று அமைப்பவர் ஃப்ரீசருக்கென்று தனித் துண்டிப்புக் கருவி வைக்குமாறு கேட்பது நன்று. மேலும், எல்லா ஃப்ரீசர்களும் குளிர்ந்த கராஜுக்கு ஏற்றவை அல்ல. அவற்றின் உட்புறத் தகட்டில் உள்ள தட்பவெப்ப வகுப்பு, எந்த அறை வெப்பநிலையில் அது சரியாக இயங்கும் என்பதைக் காட்டும். சாதாரண வகுப்புக்குக் குறைந்தது 16 பாகை செல்சியஸும், குளிர் தாங்கும் வகுப்புக்குக் குறைந்தது 10 பாகையும் வேண்டும். வெப்பமூட்டாத கராஜ் சனவரி மாதத்தில் அதற்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே வாங்கும்போதே கராஜுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டோடு ஒட்டிய கராஜில் தீயைப் பற்றியும் எண்ண வேண்டும். கராஜில் தீப்பிடித்தால் குடும்பம் வெளியேற அவகாசம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, இடைச்சுவர் 30 நிமிடம் தீயைத் தடுத்து நிற்பதாக இருக்க வேண்டும் என்று கட்டட ஒழுங்குவிதிகளுக்கான வழிகாட்டி கூறுகிறது. கேபிளுக்காக அந்தச் சுவரில் துளையிட்டுவிட்டு அதை அப்படியே விட்டால், தீக்கும் புகைக்கும் வழி திறந்துவிட்டதாகும். துளையைத் தீத்தடுப்புப் பொருளால் அடைப்பது வேலையின் ஒரு பகுதி. தனியே நிற்கும் கராஜில், நில இணைப்பை வீட்டிலிருந்து கொண்டுசெல்வதா, அங்கேயே நிலத்தில் உலோகக் கோல் பதிப்பதா என்பது வீட்டுக்கு மின்சாரம் வரும் முறையைப் பொறுத்தது. அதை அளந்து பார்த்து முடிவுசெய்வது தகுதிபெற்ற எலெக்ட்ரீஷியனின் பொறுப்பு.

மூன்றாவது, பத்திரம்.

இங்கிலாந்தில் வீட்டு மின்வேலைகள் 2005 சனவரி 1 முதல் கட்டட ஒழுங்குவிதிகளின் ‘பகுதி பி’ என்னும் பிரிவுக்குள் அடங்குகின்றன. வீட்டிலிருந்து மின்சாரம் பெறும் கராஜும் தோட்டக் கொட்டகையும் அப்பிரிவுக்கு உட்பட்டவையே. வேலைகள் இருவகைப்படும். புதிய சுற்று அமைப்பதும் பியூஸ் பெட்டியை மாற்றுவதும் அறிவிக்கப்பட வேண்டிய வேலைகள். ஏற்கெனவே உள்ள சுற்றிலிருந்து கராஜுக்கு ஒரு கிளை எடுப்பது, 2013 இல் விதிகள் திருத்தப்பட்டபின், பொதுவாக அறிவிக்கத் தேவையற்றது. ஆனால் அறிவிக்கத் தேவையில்லை என்பதற்கு, எப்படியும் செய்யலாம் என்று பொருளன்று. பாதுகாப்பாகச் செய்யப்பட வேண்டும் என்ற கட்டாயம் இருவகை வேலைக்கும் ஒன்றே.

அறிவிக்க வேண்டிய வேலையை இரு வழிகளில் முறைப்படுத்தலாம். என்.ஐ.சி.இ.ஐ.சி., நாப்பிட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட திட்டம் ஒன்றில் பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியன் செய்தால், தமது வேலைக்குத் தாமே சான்றளித்து, அவரது திட்டத்தின் வழியாகக் கவுன்சிலுக்குத் தெரிவிப்பார். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் ஒழுங்குவிதி இணக்கச் சான்றிதழ் வீட்டுக்காரருக்கு வந்து சேர வேண்டும். பதிவில்லாதவர் செய்வதாயின், வேலை தொடங்குவதற்கு முன்பே கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கோ அதற்குரிய வேறு அதிகாரம் பெற்றவருக்கோ விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். இவற்றைத் தவிர, பரிசோதனை அளவுகள் எழுதப்பட்ட பத்திரமும் உண்டு: புதிய சுற்றுக்கு மின் நிறுவல் சான்றிதழ், கிளைக்குச் சிறு வேலைச் சான்றிதழ். பணம் கொடுத்து முடிப்பதற்கு முன் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

இங்கே ஒரு வழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. தெரிந்தவர், ஊரவர், உறவினரின் நண்பர் ஒருவர் சனிக்கிழமை வந்து அரை நாளில் வேலையை முடித்து, கையில் பணம் வாங்கிச் செல்வார். அவர் திறமைசாலியாகவும் இருக்கலாம். ஆயினும் பத்திரம் இல்லாத வேலையின் பொறுப்பு அவரோடு போய்விடுவதில்லை; வீட்டோடு தங்கிவிடுகிறது. விதியை மீறி வேலை செய்தவர்மீது 1984 ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டத்தின் 35 ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடரலாம். ஆனால் 36 ஆம் பிரிவின்கீழ், வேலையை அகற்றுமாறோ திருத்துமாறோ அறிவித்தல் வருவது வீட்டின் உரிமையாளருக்கு. முன்னர் வேலை முடிந்து 12 மாதங்களுக்குள் மாத்திரமே அந்த அறிவித்தலை அனுப்ப இயன்றது. 2022 ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் அக்காலத்தை 10 ஆண்டுகளாக நீட்டியுள்ளது. மிச்சம் பிடித்த பணம் மறந்துபோன பின்பும் பொறுப்பு நீங்குவதில்லை.

யாருக்குத் தெரியப்போகிறது என்று எண்ணுவோரும் உளர். வீட்டை விற்கும்போது விற்பவர் நிரப்ப வேண்டிய வழமையான தகவல் படிவம், 2005 சனவரி 1 க்குப் பின் மின்வேலை நடந்ததா என்று கேட்கிறது. நடந்திருந்தால் சான்றிதழையும் கேட்கிறது. பழைய வேலை என்று கூறித் தப்பவும் எளிதில் இயலாது. இந்நாட்டில் சுவர்களுக்குள் பதிக்கும் கேபிள்களின் நிறங்கள் சிவப்பு, கறுப்பு என்பதிலிருந்து பழுப்பு, நீலம் என மாறியது 2004 இல். 2006 ஏப்ரல் முதல் புதிய நிறங்கள் கட்டாயமாயின. கராஜுக்குச் செல்லும் நிலையான கேபிளில் பழுப்பும் நீலமும் தெரிந்தால், அது எக்காலத்து வேலை என்பதைச் சோதனையாளர் பார்த்த மாத்திரத்தில் ஊகித்துவிடுவார். தீ விபத்துக்குப் பின் காப்புறுதி நிறுவனமும் அதே சான்றிதழைக் கேட்கக்கூடும்.

முன்பே சான்றிதழின்றி வேலை நடந்துவிட்ட வீடுகளுக்கும் வழியுண்டு. முதலில் பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு வயரிங்கைப் பரிசோதித்து அறிக்கை பெறலாம். அறிவிக்க வேண்டிய வேலையாக இருந்திருப்பின், கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவிடம் பின்னேற்பு முறைப்படுத்தலுக்கு விண்ணப்பிக்கலாம். அவர்கள் வேலையைத் திறந்து காட்டுமாறும் குறைகளைத் திருத்துமாறும் கேட்கக்கூடும். தாமாக முன்வந்து கேட்பவருக்கு உதவுவது அப்பிரிவின் பணி; அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

வாடகை வீட்டில் இருப்போர் வீட்டு உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியின்றிக் கிளை எடுத்தல் ஆகாது. அதே வேளை, தனியார் வாடகை வீடுகளின் மின் இணைப்புகளைக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதிபெற்றவரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டிய கடமை 2020 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் உரிமையாளருக்கு உண்டு. அந்த அறிக்கையின் பிரதியைக் கேட்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு.

வேலையை ஒப்படைப்பதற்கு முன் எலெக்ட்ரீஷியனிடம் நான்கு கேள்விகளைக் கேட்டால் போதும். எந்தத் திட்டத்தில் பதிவு, பதிவு எண் என்ன? இது கிளையா, தனிச் சுற்றா? ஆர்.சி.டி. பாதுகாப்பு எங்கே அமையும்? வேலை முடிந்ததும் எந்தச் சான்றிதழ் கிடைக்கும்? பதிவு எண்ணை அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். சான்றிதழ் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதற்காக அதைப் படிக்காமல் மடித்து வைத்துவிட வேண்டாம். முகவரி சரியா, கராஜ் வேலை என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, கையொப்பமும் திகதியும் உள்ளனவா என்ற மூன்றையேனும் பார்த்து, வீட்டு உறுதியோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

இன்று வீடு திரும்பியதும் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. கராஜுக்கு மின்சாரம் எங்கிருந்து செல்கிறது என்று பார்ப்பதே அது. எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றின் வழியாகச் சென்றால், அதன் பிளக் கைபொறுக்காத அளவு சூடாக இருந்தால், அல்லது கருகிய மணம் வந்தால், அந்தச் சொக்கெட்டை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். தீப்பிடித்துவிட்டால் எதையும் அணைக்க முற்படாமல் அனைவரும் வெளியேறி 999 ஐ அழைக்க வேண்டும். தெரு முழுவதும் மின்சாரம் நின்றிருந்தால் 105 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.